எங்கள் வீட்டில் நடக்கிற ப்ரோப்

மயூர் விஹார், தில்லி
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் ஐயப்பன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் ஜெயபால் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கச்சி பவுனுவும் எங்கள் மகள் பூங்கோதையும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆத்தூரில் உங்கள் நலமும் உங்கள் முழங்கால் வலியின் நிலவரமும் அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் எவனாவது கடிதம் எழுதுவானா, போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். முப்பத்தாறு வருஷம் இந்த ஊரில் டெலிபோன் லைன்மேனாகக் குப்பை கொட்டியவன் நான். கம்பத்தில் ஏறி இரண்டு கிளிப்பை மாட்டினால் யார் வீட்டுப் பேச்சும் காதில் விழும் என்று தெரிந்தவனுக்கு, போனில் சொந்த விஷயம் பேச வாய் வருமா. அதுவும் போக வீடு இரண்டு அறை. நான் பெட்ரூமில் தும்மினால் கிச்சனிலிருந்து பவுனு ஆயுசு நூறு என்கிறாள். பூங்கோதையைப் பற்றிப் பூங்கோதைக்குக் கேட்காமல் இந்த வீட்டில் பேச முடியாது.

விஷயம் இதுதான். அவளுக்குக் குருகிராமில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். சேருகிறேன் என்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள், இல்லை என்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள். காரணம், மூன்று வருஷமாக அவள் கட்டிக்கொண்டு அழுகிற அந்த சாஃப்ட்வேர். கம்பெனிக்குப் போனால் இதைத் தொட நேரம் இருக்காது, இதை விட்டால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நீங்கள் தாய்மாமன். உங்கள் மடியில் உட்கார்ந்துதான் அவள் காது குத்திக்கொண்டாள், அதற்கே உங்கள் கையைக் கடித்தவள்தான், இருந்தாலும் நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் சொன்னால், சரிப்பா, என்கிறாள். அந்தச் சரிப்பாவுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

அவள் செய்வது என்னவென்று எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இன்டர்நெட்டில் எந்தத் தளம் எந்த ஊரில், எந்தக் கம்பெனி லைனில் திறக்கிறது, எதை யார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தட்டித் தட்டிப் பார்த்துக் குறித்து வைக்கிற சாஃப்ட்வேர் அது. ஓப்பன் சோர்ஸ் என்கிறாள். அதாவது சமையல் செய்முறையைத் தெருக்கதவில் ஒட்டிவைத்துவிட்டுச் சமைப்பது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எடுத்துக்கொண்டு போகலாம், உப்பு சரியில்லை என்று திட்டலாம். திட்டுவதற்கு நிறையப் பேர் வருகிறார்கள். அடுப்புப் பக்கம் வர ஒருவரும் இல்லை. ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு நாட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவருக்குக் குழந்தை பிறந்தது, ஒருவருக்கு வேலை கிடைத்தது, ஒருவர் மனசு சரியில்லை என்று எழுதிவிட்டுப் போனவர்தான். மிச்சம் பூங்கோதையும் ஆரிப் என்று ஒருவரும். ஆரிப் எந்த நாடு என்று எழுதக் கூடாதாம், ஏதோ ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து இருபத்து மூன்று நாளாகப் பேச்சு மூச்சு இல்லை. கடைசியாக வந்தது ஒரே வரி, இங்கே லைன் போய்விடும் போல இருக்கிறது, லிஸ்ட்டைப் பார்த்துக்கொள் என்று. பூங்கோதையின் ஸ்கிரீனில் ஊருக்கு ஒரு கோடு ஓடும். அவர் ஊர்க் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. இவள் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். காபி ஆடை கட்டிவிடுகிறது. பவுனு வாங்கிக்கொண்டு போய் மறுபடி சுடவைத்துக் கொடுக்கிறாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

இந்த உத்தியோகத்துக்குப் பெயர் மெயின்டெய்னர். நான் அதைப் பெருமையாகக் கீழ்வீட்டு மாலாவிடம் சொல்ல, அந்தம்மா மறுநாளே பம்ப் ஒழுகுகிறது என்று இவளைக் கூப்பிட்டார். எங்கள் பாக்கெட்டில், அதாவது இந்தக் குடியிருப்பில், மெயின்டெனன்ஸ் என்றால் தண்ணீர் டேங்க், படிக்கட்டு லைட்டு, சாக்கடை, இவ்வளவுதான். இவளும் போய் வாஷர் மாற்றிவிட்டு வந்தாள். ஒரு மாதத்தில் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான். முடிகிற வேலை செய்து எவ்வளவு நாளாச்சுப்பா, என்றாள்.

இனிமேல்தான் துன்பம். இரண்டு மாதத்துக்கு முன் டிவிக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியை வைத்தாள். பச்சை விளக்கு எரியும். "அப்பா, இது ப்ரோப். ராத்திரி பகல் ஓடணும், அணைச்சிடாதீங்க," என்றாள். எனக்கு இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற பழக்கம் உண்டு. ப்ரோப் என்றால் என்ன அர்த்தம் என்று பேப்பர் படிக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். மந்திரி மாட்டிக்கொண்டால் ப்ரோப், பாலம் விழுந்தால் ப்ரோப், பரீட்சைத் தாள் வெளியே வந்தால் ப்ரோப். வாக்கிங் போகும்போது மூன்றாவது மாடி பன்சால் ஜி ஏன் முகம் வாட்டமாக இருக்கிறது என்று கேட்டார். "க்யா பத்தாவூம் பாய் சாப், கர் மே ப்ரோப் சல் ரஹா ஹை," என்று சொல்லித் தொலைத்தேன். வீட்டில் விசாரணை நடக்கிறது என்று அர்த்தமாகிவிட்டது. எதைப் பற்றி என்று கேட்டார். எதை எதை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறார்கள் என்றேன். நான் பொய் சொல்லவில்லை, நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மச்சான், எங்கள் பாக்கெட்டில் அனுமதி இல்லாமல் பால்கனியை அடைத்து அறையாக்காத வீடே கிடையாது, எங்கள் வீடு உள்பட. பன்சால் ஜி மருமகளின் பிரசவத்துக்கென்று பால்கனியை நாலடி வெளியே இழுத்து, அடைத்து, ரோஸ் கலர் பெயிண்ட் அடித்து அப்போதுதான் முடித்திருந்தார். விசாரணைக்காரர்கள் வந்து இடித்தால் கேஸாகிவிடும் என்று பயந்து, அவரே ஆள் வைத்து இரண்டே நாளில் இடித்துவிட்டார். எதிர் ப்ளாக்கில் இரண்டு தகரக் கூரை இறங்கியது. மூன்றாம் நாள் பூங்கோதை படியேறும்போது அந்தச் சுவரைப் பார்த்து, ஏன் அங்கிள் இடித்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். உங்கள் வீட்டு ப்ரோப்புக்குப் பயந்துதான் என்றிருக்கிறார். இவள் விளக்கியிருக்கிறாள். விளக்காமல் இருந்திருந்தால் தேவலை. இருபது வருஷமாக ஹோலிக்குத் தட்டு நிறைய குஜியா இனிப்பு கொடுத்தனுப்பிய குடும்பம், இப்போது என்னைப் படியில் பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. மருமகளைப் பிரசவத்துக்கு அவள் தாய் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அது என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

அடுத்தது லிஸ்ட். அந்தப் பெட்டி தட்டிப் பார்க்கிற தளங்களின் பெயர்கள் ஒருநாள் ஸ்கிரீனில் ஓடுவதைப் பார்த்தேன். செய்தி, சாமி, சங்கம், சூதாட்டம், அதற்கப்புறம் வாயால் சொல்ல முடியாத ஒன்பது பெயர். கல்யாணமாகாத பெண் வீட்டிலிருந்து ராத்திரி பகலாக அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு வியர்த்துவிட்டது. பவுனுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "எதை அடைச்சாங்கன்னு பாக்கணும்னா நல்லதையும் கெட்டதையும் தட்டித்தானே பாக்கணும்? நீங்க எதுக்கு அந்த ஒம்பதை மட்டும் எண்ணிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பருப்பு தாளிக்கப் போய்விட்டாள். உங்கள் தங்கை இந்த விஷயத்தில் எனக்கு ஒத்தாசை இல்லை என்பதையும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

சரி, தொழில்முறையிலாவது பேசிப் பார்ப்போம் என்று ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டேன். "ஏம்மா, புகார் யார் கொடுத்தது? புகாரே இல்லாத ஃபால்ட்டுக்கு எவனாவது டெஸ்ட் பண்ணுவானா?" அவள் சொன்னாள், "அப்பா, சில கம்பெனி இது உத்தரவுப்படி அடைக்கப்பட்டதுன்னு போர்டு போட்டுடறான். அது நேர்மை. சிலபேர் அப்படி ஒரு முகவரியே இல்லைன்னு பதில் சொல்லிடறான். பாக்கறவங்க அந்தத் தளம்தான் செத்துப்போச்சுன்னு நெனச்சிக்கிட்டுப் போயிடறாங்க. தானாப் போன லைனா, அறுத்த லைனான்னு கண்டுபிடிக்கறதுதான் என் வேலை. உங்க வேலைதாம்பா." எங்கள் காலத்தில் புகார்ச் சீட்டில் எஃப்.ஓ.கே. என்று எழுதுவோம், நீங்கள்கூடக் கேட்டிருக்கிறீர்கள். ஃபவுண்ட் ஓகே, போய்ப் பார்த்தேன், லைன் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். ஜூன் மாத வெயிலில், நடுவில் டீ குடிக்கப் போன நேரத்தில், போகாமலேயே எத்தனையோ சீட்டை எஃப்.ஓ.கே. போட்டு மூடியிருக்கிறோம். எந்த லைன்மேனைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வான். நானும் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நானும் அந்தப் பேச்சை அதற்கு மேல் வளர்க்கவில்லை.

இதற்கிடையில் பதினோரு வேலை நாளாக அந்தப் பெட்டியிலேயே கோளாறு. பூங்கோதை மண்டி ஹவுஸ் பக்கம் சிநேகிதியின் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கக் காலையில் மெட்ரோ ஏறிவிடுவாள். பத்தரைக்குப் பெட்டியின் லைன் போகிறது, நாலரைக்குத் திரும்பி வருகிறது, ஞாயிற்றுக்கிழமை லீவு. சர்க்கார் ஆபீஸ்கூட இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. இன்டர்நெட் கம்பெனிக்காரன் வேண்டுமென்றே பெட்டியைக் கண்டுபிடித்து அறுக்கிறானா, இல்லை தன் சாஃப்ட்வேரில்தான் பிழையா என்று அவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். லைன்காரர் குணா, நம் விழுப்புரத்து ஆள், நாலு தடவை சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, லைன் அருமையா இருக்கு மேடம், என்று போனில் ஒரு பொத்தானை அமுக்கிப் புகாரை மூடிவிட்டுப் போனார். "எல்லாரும் நல்லாருக்குன்னே எழுதறாங்கம்மா," என்று பவுனுவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருக்கிற என்னிடமும் கேட்டாள், பகலில் கரண்ட் ஏதாவது போகிறதா அப்பா என்று. அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்றேன். முப்பத்தாறு வருஷ அனுபவத்தை வைத்து நான் உறுதியாகச் சொல்கிறேன் மச்சான், கோளாறு அவள் சாஃப்ட்வேரில்தான் இருக்கிறது. சொந்த வீட்டு லைனையே பார்க்கத் தெரியாத சாஃப்ட்வேர் ஊர் உலகத்து லைனைப் பார்த்து என்ன ஆகப்போகிறது. இதைத்தான் நீங்கள் அவளிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஆகையால், கிடைக்கிற ரயிலில் ஏறி உடனே வரவும். வந்து, போதும்மா தாயே, இதை மூடிவிட்டு நல்லபடியாக வேலையில் சேர் என்று ஒரு வார்த்தை சொல்லவும். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். முழங்காலுக்குத் தைலம் மறக்காமல் எடுத்து வரவும், இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. பவுனு உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். வயதில் மூத்தவர் என்ற முறையில் பூங்கோதைக்கு உங்கள் ஆசி எப்போதும் வேண்டும், இப்போது கொஞ்சம் அதிகமாகவே வேண்டும்.

இப்படிக்கு
தங்கள் பணிவுள்ள
த. ஜெயபால்

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கவரில் போட்டு ஒட்டி, போஸ்ட் ஆபீஸ் வாசல் வரைக்கும் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்து, கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன். வரவேண்டாம் மச்சான். அந்தக் கோளாறு நான்தான்.

மாடிப்படி முக்கில் இன்டர்நெட் டப்பா இருக்கிறது. அவள் கிளம்பியதும் போய், எங்கள் வீட்டு வயரைப் பாதி வெளியே இழுத்துவிட்டு வருவேன். முழுக்க இழுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், பாதி இழுத்தால் பார்க்கிறவனுக்குச் செருகியிருப்பதாகவே தெரியும், இதெல்லாம் கைப்பழக்கம். அவள் வருவதற்குள் அமுக்கிவிடுவேன். பன்சால் ஜி விஷயத்துக்கு அப்புறம் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நிஜ விசாரணை வந்துவிடுமோ, அவள் வேலை போய்விடுமோ, கல்யாணம் தட்டிப்போய்விடுமோ என்று பயந்தேன். பெட்டி சரிப்படவில்லை என்றால் அவளாகவே விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். நினைத்தபடியே ஆயிற்று. நேற்று சாயங்காலம் அவள், இந்த சாஃப்ட்வேரை இனிமேல் யாரும் பராமரிக்க மாட்டார்கள் என்று ஒரு அறிவிப்பு எழுதி, பவுனுவுக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். படித்துவிட்டு, "என் வீட்டு ஃபால்ட்டையே என்னால கண்டுபிடிக்க முடியலம்மா. ஆரிப் ஊர்ல லைன் தானாப் போச்சா, அறுத்துட்டாங்களான்னு இது சொல்றத நான் எப்படி நம்பறது? அவர் இருக்காரா இல்லையான்னே எனக்கு இதை வச்சுத்தான் தெரியணும்," என்று சொல்லி அழுதாள். நான் பெட்ரூமில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இஸ்மாயிலை உங்களுக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் நம் ஆட்கள் குடியிருந்த ஒரு ஜுக்கியில், அதாவது குடிசைப் பகுதியில், எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார், வாணியம்பாடிக்காரர். அங்கே நானூறு வீட்டுக்கும் அந்த ஒரு போன்தான். ஒருநாள் மேலே இருந்து ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்னார், அந்த லைனை எடுத்துவிடு, இரண்டு நாள் கழித்துக் கொடுத்துவிடலாம் என்று. எடுத்தேன். இஸ்மாயில் வேறெங்கோ போய் நாலு தடவை புகார் கொடுத்தார். நாலு சீட்டிலும் எஃப்.ஓ.கே. என்று நான்தான் எழுதினேன். மறுநாள் விடிகாலை புல்டோசர் வந்தது. வக்கீலைக் கூப்பிட ஓடியவர்கள் செத்த போனை வைத்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது இஸ்மாயில் கேட்டார், "அண்ணே, அன்னைக்கி லைன் தானாப் போச்சா?" கேபிள் ஃபால்ட் என்றேன். "மழைக்காலம்தானே, நீங்க என்ன பண்ணுவீங்க," என்று சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

இன்று போஸ்ட் ஆபீஸிலிருந்து திரும்பி வந்து இரண்டையும் பூங்கோதையிடம் சொன்னேன். அவள் ஆபீஸுக்குப் போகாமல் அந்த அறிவிப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அப்புறம், "எந்தெந்தத் தேதிப்பா?" என்று கேட்டாள். பதினோரு நாளையும் சொன்னேன். தட்டிக்கொண்டாள். "அந்த இன்னொண்ணு?" என்றாள். அதன் தேதியும் எனக்கு மறக்கவில்லை, சொன்னேன். அதை எங்கேயும் தட்டவில்லை, ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டாள். பெட்டியின் பதிவில், உலகமே பார்க்கிற இடத்தில், அந்தப் பதினோரு நாளுக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறாள்: தானாகப் போன லைன் இல்லை, துண்டிக்கப்பட்டது, காரணம் மெயின்டெய்னரின் அப்பா. என் சர்வீஸ் புக்கில் முப்பத்தாறு வருஷத்தில் ஒரு கரும்புள்ளி கிடையாது மச்சான். இப்போது விழுந்துவிட்டது, உள்ளது உள்ளபடியே விழுந்திருக்கிறது.

அறிவிப்பை அவள் இன்னும் போடவும் இல்லை, அழிக்கவும் இல்லை. முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நான் கேட்கப்போவதில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். சாஃப்ட்வேரில் கோளாறு இல்லை என்பது தெரிந்துவிட்டதால், ஆரிப் ஊரைப் பற்றி அது சொல்வதையும் நம்ப வேண்டியதாகிவிட்டது. அங்கே லைன் தானாகப் போகவில்லை. அவர் கோடு இன்னும் தரையில்தான் கிடக்கிறது. காபி சுடவைக்கிற வேலையை இன்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு உதவி மட்டும் வேண்டும். ஆத்தூர்ப் பக்கத்து லைனைப் பார்க்க அவளுக்கு ஆள் இல்லையாம். பெட்டியின் வேலையைப் போனிலேயே செய்கிற ஆப் ஒன்று இருக்கிறது, அதை உங்கள் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், பேரனிடம் கொடுத்தால் போட்டுத் தருவான். முதலில் ஓர் எச்சரிக்கை காட்டும், அதையும் அந்த லிஸ்ட்டையும் முழுக்கப் படித்துவிட்டு, மனசு ஒப்பினால் மட்டும் சரி என்று அமுக்குங்கள். பெயர் ப்ரோப் என்றுதான் வரும். அக்கம்பக்கத்தில் சொல்லிவிடாதீர்கள்.